எந்தப் பன்னிரண்டு?

பதிவு கொஞ்சம் நீளம். பொட்டி தட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு அப்படி என்னதான் பார்க்குறீங்க?" என்று வீட்டம்மா கேட்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இதுதான் பதில். பொட்டி தட்டுகிறவர்கள் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2002 கடைசியிலிருந்து 2005 வரை பெங்களூர் அல்சூரில் இருந்தேன். சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சந்து, மாடியில் ஒற்றை அறை. கதவு எண் 12. சிக்கல் என்னவென்றால் அந்தச் சந்தில் இரண்டு பன்னிரண்டு உண்டு. மாநகராட்சி புது எண் கொடுத்தபோது சிலர் பழைய பலகையைக் கழற்றவில்லை, சிலர் இரண்டையும் மாட்டிக்கொண்டார்கள். கூரியர் பையன் யாராவது வந்து கீழே நின்று "பன்னெண்டு எதுங்க?" என்று கேட்டால், வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எந்தப் பன்னெண்டுப்பா? பழசா, புதுசா?" என்று எதிர்க்கேள்வி போடுவார். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது அந்தச் சத்தம் கேட்கும். அப்போது எரிச்சலாக இருந்தது.

அந்த ஊருக்கே இது பழக்கம்தான். அல்சூர் என்று நாம் சொல்வது கன்னடத்தில் ஹலசூரு. ஹலசு என்றால் பலா. வெள்ளைக்காரன் வாயில் அது உல்சூர் ஆயிற்று. 2011 அக்டோபரில் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது நிலையப் பலகையில் ஹலசூரு என்று போட்டார்கள். ஒரே ஏரி, ஒரே கோயில், மூன்று பெயர். இதற்கு நேர் எதிரான கூத்தும் அங்கே நடந்திருக்கிறது: ஒரே பெயரில் இரண்டு ஊர். 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை பெங்களூருக்கு இடம் மாறியது. கூடவே சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், வியாபாரி என்று நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இன்றைக்கும் அல்சூர் ஏரிக்கரையில்தான். 1881-ல் மைசூர் அரசரிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தபோது, வெள்ளைக்காரன் படை இருந்த பகுதியை மட்டும் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்று தன் கையில் வைத்துக்கொண்டான். பேட்டைப் பக்கம் ஒரு பெங்களூர், ராஜாவுடையது. இந்தப் பக்கம் இன்னொரு பெங்களூர், அல்சூர் சேர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி. 1947-ல் இந்தப் பகுதி மைசூருக்குத் திரும்பி வந்து, 1949-ல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. சென்னையிலிருந்து ரயில் ஏற்றிவிடும்போது அப்பா "கண்டோன்மென்ட்ல இறங்கு, சிட்டி வரைக்கும் போயிடாதே" என்று சொல்லுவாரே, அதன் மிச்சம் அது.

பெங்களூர் என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தப் பெங்களூர் என்று கேட்க வேண்டும். இனி கம்ப்யூட்டருக்குள் போவோம்.

நாம் ஒரு புரோகிராமைத் திறக்கும்போது அது தனியாக வருவதில்லை. பத்து, ஐம்பது, சில சமயம் முன்னூறு துணைக் கோப்புகளைக் கூட அழைத்துக்கொண்டு வரும். எழுத்தைத் திரையில் காட்ட ஒன்று, அச்சடிக்க ஒன்று, நெட்டில் பேச ஒன்று. விண்டோஸில் இவற்றுக்கு டிஎல்எல் என்று பெயர், யூனிக்ஸ் பக்கம் ஷேர்டு லைப்ரரி. பொதுவாக மாட்யூல் என்போம். புரோகிராம் கேட்பது பெரும்பாலும் பெயரைச் சொல்லித்தான். "இந்தப் பெயரில் ஒன்று வேண்டும்" என்று அது சொல்ல, லோடர் என்கிற ஆள் சில இடங்களில் வரிசையாகத் தேடி, முதலில் கண்ணில் படுவதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். அதே பெயரில் இன்னொன்று அடுத்த ஃபோல்டரில் இருந்தால் அவனுக்குக் கவலை இல்லை. வந்திருப்பது எந்தப் பன்னிரண்டு என்று பார்க்கிற இடம்தான் டிபக்கரில் உள்ள மாட்யூல் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தக் கோப்பு டிஸ்கில் எங்கிருந்து வந்தது என்ற முழுப் பாதை. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் பார்ப்பது அதைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமையானதில்லை.

2003-ல் ஒரு கம்பெனியில் சின்ன டீமுக்கு லீடு. வாடிக்கையாளர் அமெரிக்காவில், காப்பீட்டுத் தொழில். ஒரு திரையில் அச்சிடு பொத்தானை அழுத்தினால் புரோகிராம் செத்து விழும். சரிசெய்யும் வேலை டீமில் கடைசியாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் போனது. தென்காசிப் பக்கம், இன்னும் புரொபேஷன் முடியவில்லை. தேதியைக் கையாளும் இடத்தில் தப்பைக் கண்டுபிடித்து இரண்டே நாளில் சரிசெய்தான். நானும் பார்த்தேன், எங்களிடம் ஓடியது, அனுப்பினோம். அங்கே இன்னும் விழுகிறது என்று பதில் வந்தது. மறுபடி பார்த்து மறுபடி அனுப்பினோம். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அவர்கள் குரல் மாறிவிட்டது. 'அபவுட்' பெட்டியில் புது வெர்ஷன் எண்தான் தெரிகிறது, ஆகவே புதுசுதான் ஓடுகிறது, ஆகவே நீங்கள் சோதிக்காமல் அனுப்புகிறீர்கள் என்றார்கள். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

ராத்திரி ஒன்பதரை மணி கான்ஃபரன்ஸ் கால். அறையில் நானும் மேனேஜரும் மட்டும். அவன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைப்பு. ஃபோனில் நான் சொன்னது இது: புதுப் பையன், சோதனையில் கவனக்குறைவு, இனி நானே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வாக்கியம். அந்த நேரத்துக்கு அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

கதையை இங்கே நிறுத்தி கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்தத் தொல்லைக்கு அப்போதே நாற்பது வயசு ஆகப்போகிறது என்பது எனக்குத் தெரியாது.

1960களின் நடுவில் எம்ஐடி, பெல் லேப்ஸ், ஜெனரல் எலக்ட்ரிக் மூவரும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு துணை நிரலைப் பெயர் சொல்லி அழைக்கலாம், அழைக்கிற நொடியில் அதைத் தேடி இணைத்துக்கொள்ளும். அன்றைக்கு அது மந்திரம் மாதிரி. தேடுவதற்கு வரிசையும் வைத்திருந்தார்கள்: ஏற்கெனவே அந்தப் பெயரில் அறிமுகமாகி உள்ளே இருப்பது முதலில், பிறகு அழைத்தவன் இருக்கும் இடம், பிறகு பயனர் உட்கார்ந்திருக்கும் இடம், கடைசியில் பொது நூலகம். இந்த முதல் விதியைக் கவனியுங்கள். உள்ளே வந்துவிட்டவனுக்கே முன்னுரிமை. பின்னால் வந்த அத்தனை பேரும் கொஞ்சம் மாற்றி மாற்றி இதையே வைத்துக்கொண்டார்கள்.

1985-ல் முதல் விண்டோஸ் வந்தபோது மெமரி 640 கிலோபைட். இன்றைக்கு ஒரு சாதாரணப் புகைப்படம் அதற்குள் அடங்காது. அதனால் ஒரே டிஎல்எல்லை எல்லாப் புரோகிராமும் பகிர்ந்துகொள்வது ஆடம்பரமல்ல, வேறு வழியே கிடையாது. அந்தப் பதினாறு பிட் விண்டோஸில் ஒரு பெயருக்கு மெஷின் முழுவதுக்கும் ஒரு பிரதிதான். காலையில் ஏதோ ஒரு புரோகிராம் பழைய பிரதியை ஏற்றியிருந்தால், மத்தியானம் திறக்கிற வேறொரு புரோகிராம் தன் ஃபோல்டரில் புதுசை வைத்திருந்தாலும் அந்தப் பழசுதான் கிடைக்கும். எதை முதலில் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்து ஓடும் அல்லது விழும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் எத்தனை பேருக்கு முடி கொட்டியதோ.

முப்பத்திரண்டு பிட் விண்டோஸில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி வீடு. ஆனால் பொதுவான டிஎல்எல்கள் சிஸ்டம் ஃபோல்டரில் கிடந்தன, புதிதாக எது நிறுவினாலும் அது தன்னிடமிருக்கும் பிரதியை அங்கே மேலே எழுதிவிட்டுப் போகும். ஒன்றை நிறுவினால் இன்னொன்று செத்தது. இதற்கு 'டிஎல்எல் நரகம்' என்றே பெயர் வைத்தார்கள். விண்டோஸ் 2000 சிஸ்டம் கோப்புகளை மற்றவர்கள் மேலே எழுதாதபடி காவல் போட்டது. 2001-ல் வந்த எக்ஸ்பி, ஒரே பெயருள்ள பல வெர்ஷன்களை அருகருகே வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. சண்டை குறைந்தது. ஆனால் ஒன்று யோசியுங்கள், இப்போது ஒரே பெயரில் பல கோப்புகள் இருப்பது சட்டப்படியே சரி! பெயரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது முன்னைவிட இன்னும் உண்மை ஆனது.

சரி, டிபக்கருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? விண்டோஸ் அதனிடம் நேராகச் சொல்லிவிடும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு புரோகிராம் டிஎல்எல்லை ஏற்றும்போது இயங்குதளம் அதை நிறுத்தி வைத்துவிட்டு டிபக்கருக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியில் இருப்பவை, திறந்த கோப்பின் ஒரு கைப்பிடி எண்ணும் மெமரியில் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்பதும். பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, ஆனால் அது காலியாகவும் இருக்கலாம் என்று ஆவணத்திலேயே எழுதியிருப்பார்கள். கல்யாண வீட்டில் ஒருவர் கையை நம் கையில் கொடுத்துவிட்டு, "யாருன்னு கண்டுபிடி" என்று நகர்ந்துவிடுவது மாதிரி. கைப்பிடியிலிருந்து முழுப் பாதையைப் பெற மைக்ரோசாஃப்டே ஒரு சுற்று வழியை எழுதி வைத்திருந்தது: அந்தக் கோப்பை மெமரியில் விரித்துக்கொள், இந்த விரிப்பு எந்தக் கோப்பிலிருந்து என்று கேள், 'டிவைஸ், ஹார்டுடிஸ்க்வால்யூம்' என்று ஆரம்பிக்கும் பதிலை வாங்கி, அது சி டிரைவா டி டிரைவா என்று நீயே ஒப்பிட்டுப் பார். நேராகக் கேட்கும் வழி விஸ்டாவில்தான் வந்தது.

இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் லோடர் தன் வசதிக்காக ஒரு பட்டியல் வைத்திருப்பான். ஏறிய மாட்யூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, அதில் சுருக்கப் பெயர், முழுப் பாதை, முகவரி. டிபக்கர்களும் மற்ற கருவிகளும் அதைப் படிக்கும். ஆனால் அந்தப் பட்டியல் இருப்பது புரோகிராமின் சொந்த வீட்டுக்குள். வீட்டுக்காரன் நினைத்தால் கிழித்துப் போடலாம். வைரஸ்கள் சில அதையே செய்தன, தன் சீட்டை மட்டும் உருவிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் விவரமானவர்கள் இரண்டையும் ஒப்பிடுவார்கள்: வீட்டுக்காரன் கொடுக்கும் பட்டியல் ஒன்று, எந்த இடத்தில் எந்தக் கோப்பு விரிந்திருக்கிறது என்று கெர்னல் வைத்திருக்கும் கணக்கு இன்னொன்று. நம் ஊர் நிலத் தகராறில் குடியிருப்பவர் சொல்வதையும் சர்வேயர் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல.

யூனிக்ஸ்காரர்கள் இதை அழகாகச் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம் (விண்டோஸ் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அதில்தான் சோறு தின்றேன் :-)). 1984 வாக்கில் பெல் லேப்ஸில் டாம் கில்லியன், ஓடும் புரோகிராம் ஒவ்வொன்றையும் ஒரு கோப்பு மாதிரி திறந்து பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தார். அதன் வம்சத்தில் வந்த லினக்ஸில், புரோகிராமின் எண்ணைக் கொடுத்து 'மேப்ஸ்' என்ற கோப்பைப் படித்தால் போதும், மெமரியின் ஒவ்வொரு துண்டும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று முழுப் பாதையோடு வரிசையாகக் கொட்டும். டிபக்கரே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை யாராவது நீக்கிவிட்டுப் புதுசை அதே இடத்தில் வைத்தால், பாதைக்குப் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் வரும். புதுசு டிஸ்கில் இருக்கிறது, ஆனால் ஓடுவது பழசு. இந்த ஒரு குறிப்பு எத்தனையோ ராத்திரிகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஸ்டால்மேன் 1986-ல் எழுதிய ஜிடிபி டிபக்கரும் லோடரின் பட்டியலைப் படிக்கும். அதற்காக லோடருக்குள் ஒரு வெற்று ஃபங்ஷன் வைத்திருக்கிறார்கள், அது எதுவுமே செய்யாது. பட்டியல் மாறும்போதெல்லாம் லோடர் அதை ஒரு தடவை அழைக்கும். டிபக்கர் அங்கே பொறி வைத்துக் காத்திருந்து, அழைப்பு வந்ததும் எழுந்து பட்டியலைத் திரும்பப் படிக்கும். வாசலில் சும்மா ஒரு மணியைக் கட்டிவைத்த மாதிரி.

மறுபடி 2003. அந்த ராத்திரி காலுக்கு மறுநாள் சாயங்காலம் தம்பி என் அறைக்கு வந்தான். கால் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நான் திட்டுகிற தொனியில்தான் பேசிக்கொண்டிருந்தேன். "அண்ணே, நான் மாத்தினதுதான் அங்க ஓடுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றான். அபவுட் பெட்டியில் புது எண் தெரிகிறதே என்றேன். "அது ஈஎக்ஸ்ஈ-யோட எண்ணுண்ணே. நான் மாத்தினது டிஎல்எல்லு." கீழே வீட்டுக்காரம்மா வழக்கம்போல யாரிடமோ "எந்தப் பன்னெண்டுப்பா?" என்று கத்திக்கொண்டிருந்தார். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியிருக்கும். தட்டவில்லை. அவன்தான் கீழே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அதேதாண்ணே கேக்கேன்" என்றான்.

எங்களிடம் இருந்த விஷுவல் சி 6-ல் டிபக் மெனுவுக்குள்ளேயே மாட்யூல் பட்டியல் உண்டு, பாதையோடு. அது மட்டுமா, புரோகிராமை ஓட்டும்போதெல்லாம் கீழ் ஜன்னலில் "இன்ன இடத்திலிருந்து இன்ன கோப்பு ஏற்றப்பட்டது" என்று வரி வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் என் கண் முன்னே ஓடியது, ஒரு நாள்கூட நின்று படித்ததில்லை. வாடிக்கையாளர் மெஷினில் டிபக்கர் கிடையாது. ஆனால் மார்க் ருசினோவிச் எழுதி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் லிஸ்ட்டிஎல்எல்ஸ் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. நிறுவ வேண்டியதில்லை, ஓட்டினால் போதும்: முகவரி, அளவு, வெர்ஷன், பாதை. (2006-ல் மைக்ரோசாஃப்ட் அவரையும் அந்தக் கருவிகளையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.) தம்பியே ஆங்கிலத்தில் பணிவாக ஒரு மெயில் எழுதினான்: தயவுசெய்து இதை ஓட்டி, வருவதை ஒரு கோப்பில் சேமித்து அனுப்புங்கள்.

மறுநாள் காலை வந்தது. நாற்பத்து சொச்சம் வரி. நாற்பது வரியில் எல்லாம் சி டிரைவ், வின்என்டி, சிஸ்டம்32. எங்கள் டிஎல்எல் மட்டும் டி டிரைவிலிருந்து. 'பேக்கப்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் நாலு மாதத்துக்கு முந்தைய பிரதி. நாங்கள் அனுப்பிய மூன்று புதுப் பிரதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக சி டிரைவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன, யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் டிஎல்எல் காம் வகை. அந்த வகைக்கு ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடும் பழக்கம் இல்லை. விண்டோஸ் பதிவேட்டில் எந்த முகவரி எழுதியிருக்கிறதோ அங்கே போகும். அங்கிருந்த யாரோ ஒருவர் எப்போதோ பழையதைச் சோதிக்க பேக்கப் ஃபோல்டரில் நின்று அதைப் பதிவு செய்துவிட்டு, திருப்பி மாற்ற மறந்திருக்கிறார். வீடு மாறியாயிற்று, ரேஷன் கார்டில் முகவரி மாறவில்லை. ஒரு வரி கட்டளையில் சரியாகிவிட்டது. அச்சிடு பொத்தான் அதற்கப்புறம் ஒழுங்காக வேலை செய்தது.

மேனேஜருக்கு மெயில் போட்டேன். தம்பியின் நிரலில் தவறில்லை, காரணம் இது என்று. அவனுக்குப் புரொபேஷன் முடிந்து வேலை உறுதியானது. ஆனால் அந்தக் காலில் இருந்த மற்றவர்களுக்கு, "நான் அன்றைக்குச் சொன்னது தப்பு" என்று ஒரு வரி நான் எழுதவில்லை. வாடிக்கையாளரைக் குத்திக் காட்டுவதாக ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் அவன் வேறு இடம் போய்விட்டான்.

அதே பெங்களூரில், அதே வருஷங்களில், இதே கேள்வியை என்னைவிடப் பல மடங்கு ஆழமாகச் சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஐபிஎம்மின் லினக்ஸ் குழு ஒன்று அங்கே இருந்தது. 2002 அக்டோபரில் வம்சி கிருஷ்ணா என்பவர் கேப்ரோப்ஸ் என்ற வசதியின் முதல் வடிவத்தை எழுதினார். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கெர்னலை நிறுத்தாமல், அதன் எந்த வரியிலும் ஒரு ஒட்டுக்கேட்கும் பொறி வைக்கலாம். பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா ஆகியோர் அதை வளர்த்தார்கள், 2004-ல் 2.6.9 கெர்னலில் சேர்ந்தது. லினக்ஸ் மூலநிரலைத் திறந்து கேப்ரோப்ஸ் கோப்பின் தலைப்பைப் பார்த்தால் இந்தப் பெயர்களும் மாதங்களும் வரிசையாக இருக்கும். எனக்கு அதைப் பார்த்தபோது கல்வெட்டு வாசிக்கிற உணர்ச்சி.

அதன் தம்பிதான் யூப்ரோப்ஸ். கெர்னலில் இல்லாமல் சாதாரணப் புரோகிராம்களில் பொறி வைப்பது. ஐபிஎம்மின் ஸ்ரீகர் துரோணம்ராஜுவும் ஜிம் கெனிஸ்டனும் எழுதியது. இதில்தான் நம் கேள்வி வருகிறது: பொறியை எங்கே வைக்கிறாய் என்பதை எப்படிச் சொல்வது? ஆரம்ப வடிவத்தில், இந்த எண்ணுள்ள புரோகிராமில் இந்த மெமரி முகவரியில் என்று சொல்ல வேண்டியிருந்தது. கெர்னல்காரர்களுடன் நீண்ட வாதம் நடந்து கடைசியில் அதை மாற்றினார்கள். புரோகிராமைச் சொல்லாதே, கோப்பைச் சொல்: இந்தக் கோப்பில், ஆரம்பத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி. கோப்பின் பாதையை நாம் எழுதினால் கெர்னல் அதை ஐநோடு எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும். ஐநோடு என்பது டிஸ்கில் அந்தக் கோப்புக்கே உரிய அடையாளம், பெயர் மாறினாலும் அது மாறாது. அந்தக் கோப்பை இப்போது ஏற்றியிருப்பவர், நாளைக்கு ஏற்றப்போகிறவர் எல்லோருக்கும் பொறி பொருந்தும். 2012-ல் 3.5 கெர்னலோடு வந்தது. துரோணம்ராஜு எழுதிய விளக்கக் குறிப்பில் ஒரு எடுத்துக்காட்டு உண்டு. அதில் முதல் வேலையே, ஓடும் புரோகிராமின் மேப்ஸைத் திறந்து, எந்தப் பாதையிலுள்ள கோப்பு எந்த முகவரியில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான். வீட்டுக்காரம்மாவின் கேள்வி கெர்னலுக்குள்ளேயே போய்விட்டது.

இந்தப் பாதை விஷயத்தை நிரலாளர்களைவிடத் திருடர்கள் வேகமாகப் புரிந்துகொண்டார்கள். 2001 செப்டம்பரில் பரவிய நிம்டா புழு, ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டர்களில் ரிச்எடிட்20 டிஎல்எல்லின் பெயரில் தன் பிரதியைப் போட்டு வைத்தது. யாராவது அந்த ஆவணத்தைத் திறந்தால், வேர்டு பக்கத்திலிருப்பதையே எடுத்துக்கொள்ளும். சிஸ்டம் ஃபோல்டரைத் தேடுவதற்கு முன்பே, நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டரைத் தேடுவது அன்றைய வழக்கம். 2004-ல் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான் அந்த வரிசையை இயல்பாகவே மாற்றி வைத்தார்கள். அப்படியும் 2010 ஆகஸ்டில் எச்.டி.மூர் என்ற ஆய்வாளர் இதே வழியில் ஏராளமான புரோகிராம்களை ஏமாற்றலாம் என்று காட்டினார், மைக்ரோசாஃப்ட் அவசர அறிவிப்பு வெளியிட்டது.

பாதை சரியாக இருந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கும் அதே 2010-ல் ஒரு அடி விழுந்தது, ஸ்டக்ஸ்நெட். ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்தது என்றாலும் அது தொற்றிய மெஷின்களின் கணக்கில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியாதான் இருந்தது. சீமென்ஸ் கருவிகளோடு பேசும் ஒரு டிஎல்எல்லை அது பெயர் மாற்றி வைத்துவிட்டு, அதே இடத்தில், அதே பழைய பெயரில் தன்னுடையதை வைத்தது. கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றை உண்மையான டிஎல்எல்லுக்கே அனுப்பிப் பதில் வாங்கிக் கொடுக்கும், தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிவிடும். மாட்யூல் பட்டியலில் பாதை சரி, பெயர் சரி, உள்ளே இருப்பவன் வேறு. பாதைக்குப் பக்கத்தில் நேரக் குறியையும் வெர்ஷனையும் கையொப்பத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நீங்கள் பார்க்க வேண்டி வந்தால்: விண்டோஸில் விண்டிபிஜி வைத்திருந்தால் எல்எம் என்ற கட்டளைக்குப் பின் எஃப் சேர்த்தால் முழுப் பாதை, வி சேர்த்தால் எல்லா விவரமும். விஷுவல் ஸ்டுடியோவில் டிபக் மெனுவுக்குள் மாட்யூல்ஸ் ஜன்னல். லினக்ஸில் ஜிடிபி-க்குள் இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி, வெளியே மேப்ஸ். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும், அது முக்கியம். டிஸ்கில் தேடிப் பார்த்து "இதைத்தான் ஏற்றியிருக்கும்" என்று ஊகிப்பதால்தான் நான் மூன்று தடவை ஏமாந்தேன்.

போன மாதம் வீட்டில் பழைய சாமான்களை ஒழித்தபோது 2003-ல் எரித்த ஒரு சிடி கிடைத்தது. அதிசயமாகத் திறந்தது. அல்சூர் ஏரியின் மங்கலான நாலு படங்கள். மூடிக்கிடக்கும் வள்ளுவர் சிலை ஒன்றில் இருக்கிறது, 1991-லிருந்து 2009 ஆகஸ்ட் வரை சாக்கு சுற்றி நின்றாரே, அப்போது எடுத்தது. அவற்றுக்கு நடுவே அந்த லிஸ்ட்டிஎல்எல்ஸ் பட்டியலும் இருந்தது. நாற்பத்து சொச்சம் வரி, டி டிரைவ், பேக்கப்.

தம்பி இப்போது வேறொரு கண்டத்தில், என்னைவிடப் பெரிய பதவியில் இருக்கிறான். முகவரி தேடிப் பிடித்து, அந்தப் பட்டியலை இணைத்து ஒரு மெயில் போட்டேன். அன்றைக்கு ராத்திரி காலில் அவனைப் பற்றி நான் சொன்ன இரண்டு வாக்கியத்தையும், பிறகு திருத்தாமல் விட்டதையும் எழுதி, மன்னிப்புக் கேட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தான், வீட்டுக்காரம்மாவை விசாரித்திருந்தான். கடைசியில் ஒரு வரி:

"அந்த கால்ல நானும் இருந்தேன்ணே. என் டெஸ்க்லேர்ந்து டயல் பண்ணி, ம்யூட்ல."

இருபது வருஷத்துக்கு மேல். இன்னும் பதில் எழுதவில்லை.